ஐந்து நாள் வேப்பிலை

நான் நல்லவள் என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டதில்லை. கோபக்காரி. வாய்த்துடுக்கு. ஆனால் சாமி விஷயத்தில் பொய் சொன்னவள் என்று மட்டும் யாரும் என்னைச் சொல்லிவிட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெருமையும் போயிற்று. ஐந்து நாள் தூக்கத்துக்காக நானே அதைத் தொலைத்தேன்.

மலேசியாவில், சுங்கை பட்டாணிக்குச் சற்று வெளியே, நான்கு மாடி ஃபிளாட்டில், இரண்டாவது மாடியில் எங்கள் வீடு. எனக்குக் கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். மாலை ஆறு மணிக்குக் கம்பெனி வேன் கீழே வந்து ஹாரன் அடிக்கும். மறுநாள் காலை ஏழே முக்காலுக்கு அதே வேன் கொண்டுவந்து இறக்கிவிடும். என் வீட்டுக்காரருக்கோ புக்கிட் செலம்பாவ் பக்கத்தில் செம்பனை எண்ணெய் ஆலையில் பகல் வேலை. அவர் விடிவதற்குள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், இருட்டிய பிறகுதான் வருவார். கல்யாணமாகி இருபது வருடமான புருசன் பெண்டாட்டி, முகம் பார்த்துப் பேசுவது ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளில் எல்லாம் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்பிக்கொள்வோம்.

தொழிற்சாலையில் என் வேலை ஓட்டை பார்ப்பது. கையுறைக்குள் தண்ணீரை ஊற்றி வரிசையாகத் தொங்கவிடுவோம். எது சொட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். நல்ல தூக்கம் தூங்கி வந்தவளுக்கே அதைப் பார்த்தால் கண் சொருகும். தூங்காமல் வந்தவள் கதி என்ன? ஒருமுறை உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன், எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இரண்டு மாதம் கழித்து இன்னொரு முறை, இன்னொரு கடிதம். மூன்றாவது வந்தால் கார்டைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று சூப்பர்வைசர் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டார். பதினோரு வருடம் பார்த்த வேலை. நாற்பத்து மூன்று வயதில் என்னை வேறு எவன் எடுப்பான்? முதல் கடிதத்தை வீட்டுக்காரரிடம் காட்டினேன். இரண்டாவதைக் காட்டவில்லை. காட்டினால், நின்றுவிடு என்பார். எனக்கு நிற்க இஷ்டமில்லை. அது என் வேலை.

இவ்வளவுக்கும் காரணம் என் தலைக்கு மேலே இருந்தது.

மூன்றாவது மாடியில், சரியாக எங்கள் வீட்டுக்கு மேலே, ஓர் அக்கா குடியிருந்தார். ஐம்பது வயதிருக்கும், தனி ஆள். சம்பல் செய்து கடைகளுக்குப் போடுவதுதான் அவர் பிழைப்பு. கோலா கெடாவிலிருந்து காய்ந்த இறால் வாங்கிவந்து, மிளகாயோடும் வெங்காயத்தோடும் கல்லில் இடித்து வதக்கி, டப்பாவில் போட்டுக் கொடுப்பார். கல் என்றால் சின்னக் கல் இல்லை. ஒரு ஆள் இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கருங்கல் உரல், லெசோங் என்போம். மிஷினில் அரைத்தால் ருசி போய்விடுமாம். சமையலறையில் இடம் போதாதென்று நடு அறையில் சப்பணமிட்டு உட்கார்ந்து இடிப்பார். அந்த நடு அறைக்கு நேர் கீழேதான் என் கட்டில்.

நான் குளித்து, நாலு வாய் சாப்பிட்டு, திரையை இழுத்துவிட்டுப் படுக்க எட்டரை ஆகும். கண் மூடும் நேரம் பார்த்து, ஒன்பது மணிக்கு, டொக். அப்புறம் டொக், டொக். பிறகு பன்னிரண்டு மணி வரைக்கும் நிற்காது. நடுவில் நிறுத்தினாலும் நிம்மதி கிடையாது. மிளகாயைக் கிளறிவிடுகிறார், அடுத்த இடி எப்போது விழுமோ என்று மனசு காதைத் தீட்டிக்கொண்டு கிடக்கும்.

காதில் பஞ்சு வைத்தேன். ஃபேனை ஐந்தில் வைத்தேன். துடைப்பக் கட்டையால் மேல்தளத்தைக் குத்தினேன். அவர் அதற்குப் பதில் சொல்வதுபோல இன்னும் இரண்டு இடி இடித்தார். வீட்டுக்காரரிடம் சொன்னால் சிரிக்கிறார். "ஊரு தூங்குறப்ப நீ வேலைக்குப் போற, ஊரு வேல செய்யிறப்ப நீ தூங்குற. ஊரையா மாத்த முடியும்? சாபார் லா." பொறுமையாம். பகலெல்லாம் ஆலை இரைச்சலில் நிற்கிற மனிதருக்கு டொக் டொக் என்றால் என்ன தெரியும்?

ஒருநாள் பொறுக்கமுடியாமல் நைட்டியோடு மேலே ஏறிப் போனேன். கதவைத் தட்டின தட்டில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"நிறுத்துங்கக்கா. மனுசங்க குடியிருக்காங்க கீழ."

அவர் குழவியைக் கையில் பிடித்தபடியே வந்து நின்றார். மூக்கு நுனியில் மிளகாய் விதை ஒட்டியிருந்தது. "ராத்திரியில இடிச்சா வந்து கேளு. பட்டப்பகல்ல இடிக்கிறேன். இது என் வீடு, என் கெர்ஜா, என் பொழப்பு."

"இடிச்சிக்கிட்டே இருங்க, ஒருநாள் கூரையோட நீங்களும் கீழ வந்து விழுவீங்க!"

வாய் என்றால் அப்படி ஒரு வாய் எனக்கு. அதன் பிறகு மாடிப்படியில் எதிரே வந்தால் அவர் ஒரு பக்கம் முகத்தைத் திருப்புவார், நான் ஒரு பக்கம். இடியும் நிற்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் புத்தி கோணலாக வேலை செய்தது. ஒரு திங்கட்கிழமை காலை, வேலை முடிந்து வேனில் வந்துகொண்டிருந்தோம். என்னோடு வேலை செய்யும் பெண் ஒருத்தியைச் சுங்கை லாலாங்கில் இறக்கிவிட வேண்டும். அவள் வீட்டு வரிசையில் ஒரு வாசலில் வேப்பிலைக் கொத்து கட்டியிருந்தது. யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது. வேன் ஓட்டுகிற அண்ணன் காது கிழியப் பாட்டுப் போடுகிற ஆசாமி. எத்தனை தடவை கெஞ்சினாலும் குறைக்க மாட்டார். அந்த இலையைப் பார்த்தாரோ இல்லையோ, சட்டென்று பாட்டை அணைத்தார். ஹாரன்கூட அடிக்கவில்லை. "அம்மா வந்திருக்கு அந்த வீட்டுல," என்று மெல்லிய குரலில் சொல்லிவிட்டு வண்டியை நகர்த்தினார்.

நம் ஜனங்களைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? அம்மை போட்ட வீட்டில் அம்மனே வந்து இறங்கியிருக்கிறாள் என்பது நம்பிக்கை. அங்கே தாளிக்கக் கூடாது, மீன் கவிச்சி ஆகாது, உரலில் இடிக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது. அந்த வீட்டுக்காரர்கள் மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரர்களும் அதற்குக் கட்டுப்படுவார்கள். போலீஸ் வந்து சொன்னாலும் கேட்காத வாயெல்லாம் வேப்பிலையைப் பார்த்தால் மூடிக்கொள்ளும். வேன் எங்கள் ஃபிளாட்டுக்கு வந்து சேர்வதற்குள் நான் முடிவு பண்ணிவிட்டேன்.

ஃபிளாட்டுக்குப் பக்கத்துச் சிறு கோயிலில் வேப்பமரம் உண்டு. யாரும் பார்க்காத நேரமாக ஒரு கொத்தை ஒடித்தேன். உள்ளே பார்த்து, "தாயே, கொஞ்ச நேரம் அந்தப் பக்கமா திரும்பிக்கோ," என்று முணுமுணுத்துக்கொண்டே வந்து, வாசல் நிலையில் கட்டிவிட்டுப் போய்ப் படுத்தேன்.

ஒன்பதாயிற்று. சத்தமில்லை. ஒன்பதே கால். மேலே கதவு திறந்தது, படியில் செருப்புச் சத்தம் எங்கள் வாசல் வரை வந்தது, நின்றது, திரும்பிப் போனது. அப்புறம் ஒன்றுமே இல்லை. அடடா, அந்த அமைதி! சொல்லி மாளாது. எழுந்தபோது மணி மூன்று. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு கை கால் எல்லாம் என்னுடையதாக இருந்தது. அன்றைக்கு வேலையில் என் கண் ஒரு தடவைகூடச் சொருகவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. வேன் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் எங்கள் வாசல் தெரியும். வேன் அண்ணன் இலையைப் பார்த்தால் என்னை ஏற்றமாட்டார். கம்பெனியில் சொன்னால், டாக்டர் கடிதம் கொண்டுவா என்பார்கள். அதனால் ஐந்தரைக்கு இலையை அவிழ்த்துவிடுவேன், காலையில் புதுக்கொத்து கட்டுவேன். வீட்டுக்காரர் வரும்போதும் போகும்போதும் வாசல் வெறுமையாக இருக்கும். ஆக, எங்கள் வீட்டில் அம்மனுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு ராத்திரி ஷிப்ட். இதை நினைத்து வேனில் தனியாகச் சிரித்துக்கொண்டேன். எவ்வளவு திமிர் பாருங்கள்.

இரண்டாம் நாள் மதியம் எழுந்து கதவைத் திறந்தால், வாசலில் சீவிய இளநீர் ஒன்று. மூன்றாம் நாள் ஒரு தூக்குச்சட்டியில் உப்புப் போடாத கூழும் வெங்காயமும். மேல் வீட்டு அக்காவின் சட்டிதான், மூடியில் அடிபட்ட பள்ளம் இருக்கும், எனக்குத் தெரியும். அம்மை வீட்டில் உள்ளே வரக்கூடாதென்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கூரையோடு வந்து விழு என்று நான் வாயாரச் சொன்ன மனுஷி. அந்தக் கூழைக் குடிக்க எனக்கு என்ன யோக்கியதை? ஆனாலும் குடித்தேன். கீழே ஊற்றினால் அது இன்னொரு பாவம்.

நான்காம் நாள் எழுந்து போனைப் பார்த்தால் வீட்டுக்காரரின் குரல் கிடந்தது. "ஏம்மா, மேல் வீட்டக்காவ இன்னிக்கும் பார்த்தேன் எங்க ஆலை ரோட்டுல. மோட்டார் கூடையில லெசோங் கல்ல வச்சி, சாக்கு மேல சாக்கு கட்டிக்கிட்டு, புக்கிட் செலம்பாவுக்குப் போறாங்க. வண்டி இப்படியும் அப்படியும் ஆடுது. மூணு நாளா போறாங்களாம். அங்க தங்கச்சி வீட்டுல உக்காந்து இடிக்கிறாங்களாம். என்னாவாம்?"

அந்தக் கல்லை மூன்று மாடி இறக்கி, மூன்று மாடி ஏற்றி, லாரி போகிற ரோட்டில் கொண்டுபோய், ஒரு பொம்பிளை என் பொய்க்காக அலைகிறாள். ஒருநாள் அந்த வண்டி சாய்ந்தால்? நாளைக்கு இலை கட்டக்கூடாது, மேலே போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அன்று வேலைக்குப் போனேன்.

நினைத்தது அவ்வளவுதான். காலையில் வேனை விட்டு இறங்கியதும் உடம்பு கட்டிலைத் தேடியது. மன்னிப்புக் கேட்டால் இடி திரும்ப வரும். இடி வந்தால் தூக்கம் போகும். தூக்கம் போனால் மூன்றாவது கடிதம். இன்றைக்கு ஒருநாள், ஒரே ஒருநாள் என்று சொல்லிக்கொண்டு மறுபடியும் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு படியேறினேன். கம்பெனிச் சட்டையோடு, கார்டு கழுத்தில் தொங்க, எட்டி நின்று நிலையில் இலையைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

"நல்லா இறுக்கிக் கட்டு. நேத்து ஒரு பக்கம் அவுந்து கெடந்திச்சி."

திரும்பினால், படியில் மேல் வீட்டு அக்கா. கையில் ஒரு வாளி. வாளியில் மஞ்சள் தண்ணீர், மேலே வேப்பிலை மிதக்கிறது.

"அக்கா... தெரியுமா உங்களுக்கு?"

"மொத நாளே தெரியும். சாயங்காலம் ஹாரன் கேட்டுச்சி, எட்டிப் பார்த்தேன். அம்மா போட்டவ லிப்ஸ்டிக் போட்டுக்கிட்டு வேன்ல ஏறுறா."

சிரிப்பு வர வேண்டிய இடம். எனக்கு அழுகைதான் வந்தது. "தெரிஞ்சும் ஏன்க்கா அந்தக் கல்லத் தூக்கிக்கிட்டு அலஞ்சீங்க?"

அவர் வாளியைக் கீழே வைத்தார். "எனக்கு வந்த ஆத்திரத்துக்கு மறுநாள் காலையில ஒன் முடியப் புடிச்சி இழுக்கலாம்னுதான் எறங்கி வந்தேன். பாதிப் படியில நின்னுட்டேன். வெள்ளிக்கெழம தவறாம வெளக்கு ஏத்துறவ நீ. சாமிய வச்சிப் பொய் சொல்ற ஜாதி இல்ல. அப்படிப்பட்டவளே எலைய எடுத்துக் கட்டுறான்னா, எவ்வளவு முடியாமக் கெடக்கணும்? அத நெனச்சேன், கால் வரல."

"அப்புறம் இளநீர் எதுக்கு?"

"நைட்டு வேல பார்க்குற ஒடம்பு, சூடுதானே? குடிக்கட்டும்னு வச்சேன்." வாளியில் மிதந்த இலையை ஒதுக்கிவிட்டு, "ஒனக்கு ஒறைக்கட்டும்னும்தான்," என்றார்.

உறைத்துவிட்டது என்று சொன்னேன். வாசற்படியிலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினேன். இரண்டு கடிதம் வந்ததையும், இரண்டாவதை வீட்டுக்காரரிடம்கூட மறைத்ததையும், மூன்றாவது வந்தால் என் வேலை போய்விடும் என்பதையும். அவர் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அடிப் பாவி! இத அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன? நிறுத்து நிறுத்துன்னுதானே கத்துன. வேல போயிடும்னு ஒரு வார்த்த சொன்னியா?"

சொல்லவில்லைதான். எனக்கு வேலை போய்விடும் போலிருக்கிறது, கொஞ்சம் உதவுங்கள் என்று ஒருவரிடம் கேட்பதற்குப் பதிலாக, சண்டை போடுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கிறது. சாமியை வைத்து ஏமாற்றுவதுகூடச் சுலபமாக இருந்திருக்கிறது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

அக்கா எழுந்து வாளியை எடுத்தார். "சரி வா. அஞ்சு நாளாச்சி. தலைக்கு ஊத்தணும்."

அம்மை இறங்கினால் ஒற்றைப்படை நாளில் வேப்பிலைத் தண்ணீரைத் தலைக்கு ஊற்றி அம்மனை வழியனுப்புவது வழக்கம். "எனக்குத்தான் அம்மா போடவே இல்லியேக்கா," என்றேன்.

"போடலதான். ஆனா வாசல்ல எல கட்டிக் கூப்பிட்டுட்டியே. கூப்பிட்டவள முறையா அனுப்ப வேணாமா? அப்படியே விட்டா நல்லாவா இருக்கும்? தண்ணிய வெயில்ல வச்சி சூடாக்கணும், காலையில வெயிலுக்கு எங்க போறது, அடுப்புல வச்சேன். அம்மா கோவிச்சுக்காது. வா."

குளியலறையில் என்னைக் குந்த வைத்து, மூன்று சொம்பு தலையில் ஊற்றினார். "தாயே, பொய்யோ மெய்யோ, கூப்பிட்டா, நீயும் வந்த. கொறை வைக்காம போயிட்டு வா. இந்தப் பொண்ணுக்குத் தூக்கத்த மட்டும் விட்டுட்டுப் போ," என்றார். மஞ்சள் தண்ணீர் கண்ணில் வழிந்தது. நான் தேம்பித் தேம்பி அழுதேன். என் தலையில் ஒருவர் தண்ணீர் ஊற்றி எத்தனை வருடமிருக்கும்! தலையைத் துவட்டிவிட்டு, "போய்ப் படு," என்று சொல்லிவிட்டு, நிலையிலிருந்த இலையை அவரே அவிழ்த்து எடுத்துக்கொண்டு போனார்.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், மூன்றாவது கடிதம் இன்றுவரை வரவில்லை. இரண்டாவதை அந்த ஞாயிற்றுக்கிழமையே வீட்டுக்காரரிடம் காட்டினேன். அவர் நின்றுவிடு என்று சொல்லவில்லை. "ஏன் மறச்ச?" என்று மட்டும் கேட்டார். அது வேறு கதை.

அன்றைக்குப் படுத்தவள் செத்த பிணம் மாதிரி தூங்கினேன். எழுந்தபோது மூன்று மணி. மேலே சத்தமே இல்லை. இன்றைக்கும் அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் போய்விட்டாரா என்று பதறிப்போய், கலைந்த தலையோடு மேலே ஓடினேன். கதவு திறந்துதான் இருந்தது.

நடு அறையில், லெசோங்குக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காம்பு கிள்ளிய மிளகாய் ஒரு முறம், உரித்த வெங்காயம் ஒரு சட்டி, இறால் ஒரு தட்டு. எல்லாம் தயார். ஒன்றுமே இடிக்கவில்லை. காலையிலிருந்து அப்படியே காத்துக்கொண்டிருந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் குழவியைக் கையில் எடுத்தார்.

"எழுந்திட்டியா?" என்றார். "அப்ப இடிக்கவா?"

"இடிங்கக்கா," என்று சொல்லிவிட்டு, முறத்தை அவர் பக்கமாக நகர்த்தி வைத்து, நானும் எதிரே உட்கார்ந்துகொண்டேன்.